தலைமேல் நிற்கும் வளையம்

மோட்டார்ப் பந்தயங்களுள் 'பார்முலா ஒன்' எனப்படுவதில் ஓடும் வண்டிக்குக் கூரையில்லை. ஓட்டுவோன் தலை வெளியே தெரிய அமர்ந்து, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்வான். இங்ஙனம் திறந்திருத்தலே அப்பந்தயத்தின் மரபென்றும், அதனை மூடுதல் வீரத்தைக் குறைத்தலாமென்றும் பலர் நெடுங்காலம் வாதித்தனர். அவ்வாதத்திற்கு யாம் உடன்படுகின்றிலோம்.

1966-ஆம் ஆண்டிற் பெல்ஜியத்து ஸ்பா நகரில், மழையில், ஜாக்கி ஸ்டுவர்ட் என்பாரின் வண்டி பாதை விலகி நொறுங்கிற்று. உடலெல்லாம் பெட்ரோலில் நனைய அவர் அதனுள் அகப்பட்டுக் கிடந்தார். ஓடிவந்து மீட்டவர், அவரோடு போட்டியிட்ட கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டுமே. ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றுதற்கு வேண்டிய ஸ்பானரையும் பார்வையாளர் ஒருவரிடம் இரவல் பெற வேண்டியதாயிற்று! அதன்பின் ஸ்டுவர்ட் தம் வண்டியிலேயே ஒரு ஸ்பானரைக் கட்டி வைத்துக்கொண்டார். பாதுகாப்பு வேண்டுமென்று இடைவிடாது பேசவுந் தொடங்கினார். அவரைக் கோழையெனப் பழித்தாரும் உளர். மும்முறை உலக வாகை சூடியவர் கோழையாயின், வீரன் யாவனென யாம் அறியோம்.

இருக்கைவார் 1972-இலும், மோதலிற் கழுத்தைத் தாங்கும் கருவி 2003-இலும் கட்டாயமாயின. எனினும் தலைக்குமேல் வெறுவெளியே இருந்தது. 2009-இல் இங்கிலாந்தில், பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்திற் பிறிதொரு வண்டியினின்று கழன்ற சக்கரம் தலையிற்பட்டு ஹென்றி சர்டீஸ் உயிர் நீத்தார். அவர் 1964-இல் உலக வாகை சூடிய ஜான் சர்டீஸின் மைந்தர், வயது 18. எம்மினும் ஓராண்டே இளையர்.

2018-இல் 'ஹேலோ' கட்டாயமாக்கப்பட்டது. ஓவியர் புனிதர் தலையைச் சூழ வரையும் ஒளிவட்டத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. டைட்டேனியத்தால் ஆய அவ்வளையத்தின் எடை ஏறத்தாழ 7 கிலோ. தாங்கும் பாரமோ ஏறத்தாழ 12 டன். ஓட்டுவோனுக்கு நேர்முன்னே அதன் கால் ஒன்று நிற்கும். பண்டைத் தேரின் முன்னே நாட்டிய கொடிஞ்சியை அஃது எமக்கு நினைவூட்டுகின்றது. அக்கால் பார்வையை மறைக்குமென அஞ்சினர். இரு கண்களும் வெவ்வேறிடத்தினின்று நோக்குதலால், ஒன்றற்கு மறைவது மற்றொன்றற்குத் தோன்றும். ஆதலின் அவ்வச்சம் நிலைபெறவில்லை. அழகில்லை என்னும் குறையே மிகுதியும் ஒலித்தது. மெர்ஸிடிஸ் குழுத்தலைவர் டோட்டோ வொல்ப், வாளிருப்பின் அதனை அறுத்தெறிவேன் என்னும் பொருள்படப் பேசினார். பிரெஞ்சு வீரர் ரொமான் குரோஷானும் அதனை விரும்பினாரல்லர்.

2020 நவம்பர் 29 அன்று, பஹ்ரைனில், அக்குரோஷானின் வண்டியே இரும்புத் தடுப்பைப் பிளந்து இரண்டாகித் தீப்பற்றியது. தடுப்பின் தகடுகள் தலையைத் தாக்காவண்ணம் வளையம் காத்தது. ஏறத்தாழ 28 விநாடி தீயினுள் இருந்து, கைகள் வெந்து, அவர் தாமே வெளிப்போந்தார். ஹேலோ இன்றேல் தாம் இன்று பேசியிருக்க இயலாதென மருத்துவமனையிலிருந்தே கூறினார்.

2022-இற் சில்வர்ஸ்டோனிற் சௌ குவான்யூவின் வண்டி தலைகீழாய்க் கவிழ்ந்தது, பின்னிருந்த காப்பு வளைவு முறிந்தது, ஹேலோ முறியவில்லை. அடுத்த வாரமே அவர் ஆஸ்திரியப் பந்தயத்தில் ஓட்டினார்.