புளி டப்பா பக்கத்தில் 2300

தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சு வரைக்கும் புழங்கிய ஆங்கில வார்த்தைகளில் 'ஸ்பெக்ட்ரம்' ஒன்று. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 122 லைசென்சுகளை ரத்து செய்தபோது அதைப் பற்றிப் பேசாத ஆளே கிடையாது. ஆனால் அந்த வஸ்து நம் வீட்டு ஹாலுக்குள் எப்படி வருகிறது, வந்தால் எங்கே உட்காருகிறது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நானும் விசாரித்திருக்க மாட்டேன். மனைவியின் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது.

அவளுக்கு மாலை ஐந்தரையிலிருந்து ராத்திரி இரண்டு மணி வரை அமெரிக்காக்காரர்களோடு பேசுகிற வேலை. வீட்டிலிருந்தே. எங்கள் கூடுவாஞ்சேரித் தெருவுக்கு இன்னும் கேபிள் வரவில்லை என்பதால் சிம் போட்ட மோடம். 'கால் அடிக்கடி கட் ஆகிறது. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் ஆபீஸுக்கு வந்துவிடவும்' என்றது மெயில். ஆபீஸ் பழைய மகாபலிபுரம் ரோட்டில். எங்கள் பெண்ணுக்கு ஒன்றரை வயது. பக்கத்து ரூமில் அம்மா குரல் கேட்டால்தான் தூங்குகிற ரகம்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"சிக்னல் எத்தனை கோடு சார் தெரியுது?"

"அஞ்சும் தெரியுது."

"அப்ப நல்லாத்தான் சார் இருக்கு."

நான் பி.காம். பேலன்ஸ் ஷீட்டில் லாபம் காட்டிவிட்டுக் கல்லாவில் காசில்லாமல் இருக்கிற கம்பெனிகளைப் பார்த்தவன். ஐந்து கோடும் அதே சமாசாரம்தான் என்று பட்டது.

பிரவுசரில் மோடத்தின் விலாசத்தை அடித்து, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனால் ஒரு தனி உலகம். எங்கள் சிம்முக்கு மூன்று பாதைகள்: 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ். மோடம் பாஷையில் பேண்ட் 5, பேண்ட் 3, பேண்ட் 40. இந்த எண்களில் ஒழுங்கு தேடாதீர்கள், பஸ் ரூட் நம்பர் மாதிரி. எதில் போவது என்பதைப் பெரும்பாலும் டவரே முடிவு செய்கிறது. நாம் தலையிட்டு, 'இதில் மட்டும் போ' என்று பூட்டலாம். (கம்பெனியே தருகிற சில மோடங்களில் இந்தப் பக்கத்தை மறைத்து வைத்திருப்பார்கள். என்னுடையது கடையில் தனியாக வாங்கியது.)

850-ன் அலை நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். தூரம் போகும், சுவரைத் தாண்டும். எனவே கோடு ஐந்தும் எரியும். ஆனால் எங்கள் டவரில் அதற்கு ஒதுக்கிய அகலம் வெறும் 5 மெகாஹெர்ட்ஸ். தெருவில் சுவருக்குள் இருக்கிற அத்தனை பேரும் அதில்தான் தொங்குகிறார்கள், ஆபீஸ் நேரத்து டவுன் பஸ்! 2300-க்கு 20 மெகாஹெர்ட்ஸ், நாலு மடங்கு ரோடு. ஆனால் அலை 13 சென்டிமீட்டர்தான். சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 1800 நடுவாந்தரம்.

கோட்டை மறந்துவிட்டு இரண்டு நம்பர்களைப் பாருங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம். மைனஸில் வரும். மைனஸ் 80 என்றால் சுகம், மைனஸ் 110 என்றால் ஆஸ்பத்திரி கேஸ். பத்து குறைந்தால் பத்து மடங்கு பலவீனம். அடுத்தது எஸ்.ஐ.என்.ஆர். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு கேட்கிறது என்கிற கணக்கு. கல்யாண மண்டபத்தில் மைக் வைத்து மேளம் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் புரிகிறதா? பலம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. 850 தூரம் போகிற அலை என்பதால் அடுத்த ஏரியா டவர்களின் சத்தமும் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பழைய லெட்ஜர் ஒன்றில் கட்டம் போட்டு மூன்று ராத்திரி, ஒன்பது மணிக்கு எழுதினேன். 850: பலம் மைனஸ் 78, இரைச்சல் கணக்கு 2, வேகம் மூன்று மெகாபிட். ஹாலில் 2300: மைனஸ் 109, வேகம் சொல்ல வெட்கம். மோடத்தைத் தூக்கிக்கொண்டு ரூம் ரூமாக அலைந்தேன். "என்னங்க, சாமிக்குக் கற்பூரம் காட்டற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

கடைசியில் சமையலறை ஜன்னல். டவரைப் பார்த்த திசை. மைனஸ் 97. இடையில் ஹவுஸ் ஓனரின் முருங்கை மரம். இந்த அலைக்கு ஈர இலைகூட ஒரு சுவர்தான். ஒரு கிளையை வெட்டலாமா என்று கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் "வெட்டிக்கோங்க தம்பி, கீரையை மட்டும் கீழே குடுத்துடுங்க" என்றார். மைனஸ் 93. இரைச்சல் கணக்கு 16. வேகம் முப்பதைத் தாண்டியது, ராத்திரி ஒன்பது மணிக்கு! மோடம் இப்போது புளி டப்பாவுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் குடியிருக்கிறது. கோடு இரண்டுதான் எரிகிறது.

பூட்டினால் பூட்டினதுதான். அந்த பேண்ட் படுத்துவிட்டால் மோடம் வேறு எதையும் தேடாது, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு பேண்டைச் சேர்த்து இழுக்கிற மோடங்களும் உண்டு. அவற்றை ஒன்றில் பூட்டினால் நஷ்டம்தான். நான் வெளியூர் போகிற நாளைக்காகப் பாஸ்வேர்டையும், பூட்டைத் திறக்கிற வழியையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

போன மாதம் கட் ஆன கால்கள் இரண்டு. ஒன்று கரண்ட் போனதால். இன்னொன்று, பெண் ஸ்டூல் போட்டு ஏறி மோடத்தின் பட்டனை அமுக்கியதால்.