வாப்பாவின் பெற்றோமக்ஸ்

இப்போது கரண்ட் போனால் உடனே ஃபோன் டோர்ச்சைத் தட்டுகிறோம். 2004 டிசம்பர் 26, சுனாமி அடித்த அன்றிரவு கல்முனைக்குடியில் எங்களிடம் இருந்தது வாப்பாவின் பழைய பெற்றோமக்ஸ் ஒன்றுதான்.

அடிக்க அடிக்கக் காற்று ஏறவேயில்லை. பம்பைக் கழற்றினோம். தோல் வாசர் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்துப் போட்டதும் பிடித்துக்கொண்டது. நிப்பிளில் கரி, ஊசியால் குத்தி எடுத்தோம். மென்டில் பளீரென்று எரிந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் காணாமல் போனவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதினோம்.

காற்றமுக்கம் படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு இன்றும் அந்த வாசரைத்தான் காட்டுகிறோம். "காற்றை வெளியே விடாமல் எதையும் கழற்றாதீங்க" என்கிறோம். கொப்பியைக் காட்டுவதில்லை. அதில் சில பெயர்களுக்கு இன்னும் சரி போடவில்லை.

யா அல்லாஹ், அவர்களைப் பொருந்திக்கொள்வாயாக.