எங்கள் தெருவுக்கு வந்த பழைய புல்லட்

கடந்த ஜூலையில் நாங்கள் நான்கு பேர் பணம் போட்டு ஒரு பழைய புல்லட் வாங்கினோம். 1992 மாடல், 350 சி.சி., கருப்பு. வழக்கு, மனு, கள ஆய்வு என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் வண்டியைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது தேவைக்கு வாங்கிய வண்டி அல்ல. கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போய்வர எங்களிடம் இரண்டு ஸ்பிளெண்டர்கள் இருக்கின்றன. அவை இதைவிடக் குறைந்த பெட்ரோலில் ஓடும், பட்டனைத் தொட்டால் கிளம்பும். புல்லட்டை ஆசைக்குத்தான் வாங்கினோம். நம் மக்களுக்குத் தேவை இருக்கலாம் என்பதை அரசும் ஒத்துக்கொள்ளும், ஊரும் ஒத்துக்கொள்ளும். தொகுப்பு வீடு, கழிப்பறை, தாட்கோ கடன், சுடுகாட்டுக்குப் பாதை. மனு எழுதும்போது நாமும் அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். ஆசை என்ற சொல்லை எந்த மனுவிலும் எழுதியதாக எங்களுக்கு நினைவில்லை. குடிசையில் இருப்பவனுக்கு வீடு வேண்டும் என்றால் பரிதாபப்படுகிறவர்கள், அவன் வீட்டு வாசலில் அழகான வண்டி ஒன்று நின்றால் முகம் சுளிக்கிறார்கள். அந்த முகச்சுளிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பின்னால் வருகிறோம்.

வண்டி வந்த இடத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் தென்னந்தோப்பும் பூந்தோட்டமும் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வண்டி அது. பெரியவர் இறந்துவிட்டார். மகன் சென்னையில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தோப்பு மொத்தமும் சாய்ந்தது. கொட்டகை மேல் விழுந்த ஒரு மரம் டேங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு விழவைத்தது. அதன்பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. தரகர் மூலமாகத்தான் பேசினோம். மகனுக்கு யார் வாங்குகிறார்கள் என்பது கடைசியில்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் போனில் பேச்சில்லை. பிறகு, "சரி, பேரை மட்டும் சீக்கிரம் மாத்திக்கங்க" என்றார்.

எங்கள் தெருவுக்கு அந்த வண்டி புதிதல்ல. தொண்ணூறுகளில் அதிகாலையில் அது வந்து நிற்கும். பெரியவர் இறங்கமாட்டார். இன்ஜினை அணைக்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மல்லி எடுக்க எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். சத்தம் தூரத்தில் கேட்டதுமே திண்ணையில் இருப்பவர்கள் எழுந்துகொள்வார்களாம், கட்டிலில் இருப்பவர்கள் இறங்கிவிடுவார்களாம். கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். வண்டியை டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்து, நாலு நாள் பாடுபட்டு முதல்முறை ஓடவிட்ட அன்று, எதிர்வீட்டு அப்பாயி திண்ணையிலிருந்து சட்டென்று எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றார். வண்டி மேல் உட்கார்ந்திருந்தது அவருடைய பேரன். அவன் இறங்கிப் போய், "நான்தான் அப்பாயி, உக்காரு" என்றான். "தெரியுதுடா" என்றார். உட்கார மட்டும் நேரமானது.

இனி வண்டி. ஸ்பிளெண்டர் பழகிய காலுக்கு இந்தப் புல்லட் முழுக்கத் தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் என்று நினைத்து மிதித்தால் கியர் விழும். கியர் லீவர் பக்கத்திலேயே குதிகாலுக்கு எட்டும்படி இன்னொரு சின்ன லீவர் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எந்தக் கியரில் இருந்தாலும் அதை மிதித்தால் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. அது எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் மூன்று நாள் ஓட்டினோம்.

ஸ்டார்ட் செய்வது தனிப் பாடம். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பெரியப்பா முறை ஒருவர். இருசக்கர வண்டிப் பட்டறை ஒன்றில் இருபத்தைந்து வருடம் உதவியாளாக இருந்தவர். சாவியைப் போட்டு ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கால் இறங்காது. பிஸ்டன் கம்ப்ரஷனுக்கு வந்துவிட்டது. அப்போது இடது கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும், கிக்கர் இளகும். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்கு வரும்வரை துளித்துளியாக இறக்க வேண்டும். முள் நடுவில் நின்றதும் லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒரே மிதி. பாதியில் தயங்கினால் கிக்கர் ரிட்டர்ன் அடிக்கும். கணுக்கால் போய்விடும்.

"பலத்துல மிதிக்கிறவன் பத்து தடவ மிதிப்பான். முள்ளப் பாத்து மிதிக்கிறவன் ஒரு தடவதான் மிதிப்பான்" என்றார் பெரியப்பா. ஐந்தாம் நாள் எங்களில் மிக ஒல்லியானவன்தான் முதல் மிதியில் ஸ்டார்ட் செய்தான்.

அவருக்கு இந்த வண்டியை நன்றாகத் தெரியும். இதே வண்டிக்கு மூன்று முறை கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார். டாப்பெட் வைப்பதை விரலால் காட்டினார். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வலது பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். விரலால் உருட்டினால் அவை சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கேஜ் வேண்டாம், விரலே போதும். "நல்லா ஓட்டுவீங்களா பெரியப்பா?" என்று கேட்டோம். "தள்ளியிருக்கேன்டா. ஓட்டுனதில்ல" என்றார். சரிசெய்தபின் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் பட்டறைக்காரர்தான். இவர் ஓட்டிக்கொண்டு கடைத்தெருவில் போனால் வண்டிக்காரருக்குப் பிடிக்காது என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டாராம். இருபத்தைந்து வருடம். எத்தனை புல்லட்டுகளின் வயிற்றைத் திறந்து மூடியிருப்பார் என்று கணக்கில்லை.

இதைக் கேட்டபோது எங்களுக்கு அண்ணலின் சாலிஸ்கான் சம்பவம் நினைவுக்கு வந்தது. 1929. தீண்டத்தகாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் உறுப்பினராக அவர் சாலிஸ்கானுக்குப் போகிறார். மகர் குடியிருப்புக்கு அழைத்துப் போக எந்தக் குதிரை வண்டிக்காரனும் தயாராக இல்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்டமாட்டோம் என்கிறார்கள். பாரிஸ்டரை நடக்கவிடக்கூடாது என்று மகர் மக்கள் வண்டியை வாங்கி, ஓட்டத் தெரியாத தங்களில் ஒருவரையே உட்கார வைக்கிறார்கள். வழியில் பாலத்துக் கல்லில் சக்கரம் சிக்குகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழ, அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது மசூர் ரயில் நிலையத்திலும் இதே கதைதான். இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டு வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போனார்கள், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வந்தான். இரண்டையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். தீண்டாமை என்றால் கிணறும் கோயிலும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். ஒரு வண்டியை ஓட்டப் பழகும் வாய்ப்பே ஒரு கூட்டத்துக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது அண்ணலின் முறிந்த காலில் இருக்கிறது.

புல்லட்டின் கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போன வண்டி, பிறகு பண்ணையாருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் போனது. அதிகாரம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் போய் நின்றதால் அந்த 'டப் டப்' சத்தத்துக்கே ஒரு சாதி வந்துவிட்டது. உள்ளே இருப்பது 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு சிலிண்டர்தான். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குவதால் நிதானமாக அடிக்கிறது. அந்த நிதானத்தைத்தான் கம்பீரம் என்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில், கல்லூரியில் படிக்கும் தலித் மாணவர் ஒருவரின் இரண்டு கைகளிலும் வெட்டினார்கள். நீயெல்லாம் புல்லட் ஓட்டலாமா என்று சாதியைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பதுதான் புகார். கைப்பிடியைப் பிடிக்கும் கையைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் வந்த திருத்தம், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. செருப்புப் போடுவதும் புத்தாடை உடுத்துவதும் அதே வரியில்தான் வருகின்றன. 3(1)(இசட்ஏ) என்ற அந்தப் பிரிவைத் தோழர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், முதல் தகவல் அறிக்கையில் அதை விட்டுவிடுவார்கள். ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் 'மோட்டார் சைக்கிள்' என்று எழுதிவைக்க வேண்டி வந்ததென்றால், எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார்கள்!

மேலப்பிடாவூர் செய்தி வந்தபோது எங்களிடம் புல்லட் இல்லை. வாங்கலாம் என்ற பேச்சு மட்டும் இருந்தது. மே மாதம் பக்கத்திலேயே வடகாட்டில் நம் மக்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீட்டுக்குத் தீ வைத்தார்கள், நிறுத்தியிருந்த வண்டிகளை நொறுக்கினார்கள். பெட்ரோல் பங்கில் தொடங்கிய தகராறு என்றது காவல்துறை. அப்படியே வைத்துக்கொண்டாலும், பங்கில் நடந்த சண்டை குடியிருப்பைத் தேடி எதற்கு வந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நொறுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்தோம். எல்லாம் தவணையில் வாங்கியவை. வண்டி போய்விட்டது, தவணை போகவில்லை.

இதற்குப் பிறகும் வாங்க வேண்டுமா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம். மூத்தவர் வேண்டாம் என்றார். "நம்ம கேஸ் நடத்துறவங்க. நாமளே கேஸ் ஆயிடக்கூடாது." அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இளையவன் கேட்டான், "அப்ப அந்தப் பையன் கைய வெட்டுனதோட மத்த எல்லாரும் எறங்கிக்கணுமா?" அதற்கும் பதில் இல்லை. கடைசியில் மூத்தவரும் பணம் போட்டார். இன்றுவரை அவர் ஓட்டவில்லை. பின்னால் மட்டும் உட்கார்கிறார்.

வாங்கிய பிறகும் வழிப் பிரச்சினை இருக்கிறது. மெயின் ரோட்டுக்குப் போக எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று பக்கத்து ஊரின் கடைத்தெரு வழியாக. இன்னொன்று வாய்க்கால் கரையோரமாக, மூன்று கிலோமீட்டர் சுற்று. ஸ்பிளெண்டரில் கடைத்தெரு வழியாகத்தான் எப்போதும் போகிறோம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புல்லட்டில் போனால் டீக்கடையில் பேச்சு நிற்கிறது. ஒருநாள் ஒருவர், "அவரு வண்டில்ல இது?" என்று கேட்டார். "ஆமாங்க, இப்ப எங்களது" என்றோம். அதோடு முடிந்தது. முடிந்ததா என்று தெரியாது. வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் கடைத்தெரு வழி கூடாது, தனியாக ஒருபோதும் கூடாது. அதைக் கடைப்பிடிக்கிறோம். பகலில் மட்டும் அந்த வழியை விடுவதில்லை. சைலன்சரையும் மாற்றவில்லை, கம்பெனி சைலன்சர்தான். ஊரை எழுப்புகிற சத்தம் எங்களுக்கு வேண்டாம், வண்டிக்கு உள்ள சத்தம் போதும்.

பெரியப்பா ஓட்டினார். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழே விழுந்துவிடுவேன் என்று கால்மணி நேரம் மறுத்தார். பிறகு ஏறி, முள்ளைப் பார்த்து, ஒரே மிதி. மெய்நின்றநாதர் கோயில் முன்னால் நிற்கும் பெரிய சிவன் சிலை வரைக்கும் போய்த் திரும்பினார். வந்ததும் வண்டியைப் புகழவில்லை. "மூணாவதுல இழுவ கம்மியா இருக்கு. பாயின்ட் கேப் பாக்கணும்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெய் ஒழுகுகிறது. ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்பார் பெரியப்பா. அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருக்கிறோம். ஆர்.சி. பெயர் மாற்றம் ஆனது. வண்டி பழையது என்பதால் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் சாதிச் சான்றிதழ் கேட்காத குறையாக எங்களை மேலும் கீழும் பார்த்தார். அதைத் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

இப்போது தெருப் பெண்பிள்ளைகள் கிக்கர் பழகுகிறார்கள். இந்த மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1991-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள், எங்கள் தெருவிலும் அப்படிப் பழகிய அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். மிதிக்கும்போதுதான் கால் வழுக்குகிறது. கிக்கர் ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது. அறந்தாங்கியில் கிடைக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், கடைத்தெரு வழியாக.