பொறியும் பொழுதும்

பொறி என்பது தமிழில் பல பொருள் குறித்த ஒரு சொல். கண், செவி முதலிய ஐந்தும் பொறிகள், எந்திரமும் பொறி, நெருப்பிலிருந்து தெறிக்கும் துகளும் பொறி. இம்மூன்று பொருளும் ஒருங்கே கூடி நின்றதை நாம் கண்ட இடம் இலக்கிய வகுப்பறை அன்று. நெடுஞ்சாலையோரத்து லாரிப் பட்டறை. பழைய பெட்ரோல் எந்திரம் ஒன்றில் தீப்பொறி பிறக்கும் நேரம் பிறழ்ந்தபோது, அப்பிறழ்வை ஒருவர் கண்ணாலும் செவியாலும் விரல் நுனியாலும் தேடிக் கண்ட முறையினை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இன்று லாரி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது டீசல் எந்திரமே. அதில் மின்பொறிக்கு வேலை இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். 1954-இல் டாட்டா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவில் ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்தில் நம் சாலைகளில் ஓடியவற்றுள் பல பெட்ரோல் லாரிகள். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் செய்யப்பட்டு இந்தியப் படைகளுக்கு வந்த செவர்லே, போர்டு லாரிகள் போர் முடிந்தபின் ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றை மக்கள் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்றே வழங்கினர். அத்தகைய செவர்லே ஒன்று, பின்புறத்தில் கிரேன் பூட்டப்பெற்று, கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் பணியை 1987-ஆம் ஆண்டிலும் செய்து வந்தது. அதன் எந்திரம் 216 கன அங்குல அளவு, அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர் கொண்டது. ஆறு சிலிண்டர்களும் 1-5-3-6-2-4 என்னும் வரிசையில் பற்றும்.

பொறி எப்போது பிறக்க வேண்டும்? பிஸ்டன் உச்சியை அடைந்த பின்னர் அன்று. அடைவதற்குச் சற்று முன்னரே பிறத்தல் வேண்டும். பெட்ரோல் கலவை முழுதும் எரிந்து அழுத்தம் பெருகுவதற்குச் சிறிது நேரம் ஆகும் என்பதே காரணம். எடுத்துக்காட்டாக, அந்நேரத்தை ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடி என்று கொள்வோம். நிமிடத்திற்கு 600 சுற்று ஓடும்போது அதற்குள் எந்திரத் தண்டு 7 டிகிரி திரும்பும். 2400 சுற்று ஓடும்போதோ 29 டிகிரி திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடக் கூடப் பொறியும் முந்திப் பிறத்தல் வேண்டும். இதனைத் தாமே செய்துகொள்ளும் பொருட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இரு சிறு எடைகள் உண்டு. சுழலும் வேகத்தால் அவை விரிந்து பொறியை முந்தச் செய்யும். வேகம் தணிந்தால் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ளும்.

தொல்காப்பியர் மாத்திரையின் அளவை, இயல்பாகக் கண் இமைத்தலையும் கை நொடித்தலையும் கொண்டு வரையறுத்தார். ஓர் இமைப்பை நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று மிகக் குறைத்துக் கொண்டாலும், 2400 சுற்று வேகத்தில் அதற்குள் இவ்வெந்திரம் நான்கு முறை சுழன்று பன்னிரண்டு பொறிகளை வழங்கிவிடும். அத்துணை நுண்ணிய பொழுதில் நேரும் பிழையை மனிதன் எவ்வாறு அறிவது? அறிகுறிகளால் அறியலாம். பொறி பிந்தினால் எந்திரம் சூடேறும், இழுவை குறையும், ரேடியேட்டர் கொதிக்கும். பொறி முந்தினால் மேட்டில் ஏறும்போது உள்ளே சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். கையால் சுழற்றித் தொடங்கும்போது ஹேண்டில் எதிர்த்து உதைக்கும்.

அந்தக் கிரேன் லாரி அவ்வாறுதான் உதைத்தது. பாட்டரி தளர்ந்திருந்த ஒரு காலையில் ஹேண்டில் போட்ட கிளீனர் பையனின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கற்பித்த விதி. பையன் அவ்விதியை மீறினான் என்று உரிமையாளர் முடிவு கட்டினார். மருத்துவச் செலவும் கூலியும் இல்லை என்றார். எந்திரமோ இழுவை குன்றிக் கொதித்துக்கொண்டிருந்ததால், அதனை முழுதும் பிரித்துப் பழுது பார்க்கும் எண்ணத்துடன் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதலில் கேட்டது, இவ்விரு குறைகளும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதே. ஹேண்டில் உதைப்பது பொறி முந்தியதன் அறிகுறி. சாலையில் கொதித்து வலுக்குன்றுவதோ பொறி பிந்தியதன் அறிகுறி. ஒரே பொறி முந்தவும் பிந்தவும் கூடுமோ? டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி வைத்தால் ஆயிற்று என்று நின்றோருள் ஒருவர் கூறினார். அதற்கு அவர் நம்மைப் பார்த்துச் சொன்ன விடை இன்றும் நினைவில் உள்ளது:

“திருப்பி வைக்க ஒரு நிமிஷம் போதும் தம்பி. யாரு, எதுக்குத் திருப்பினாங்கன்னு தெரியாம நாமளும் திருப்பினா, நாளைக்கு இன்னொருத்தன் கை போகும்.”

அவர் சென்ற வழி ஒழுங்கானது. முதலில் பாயிண்டுகளைப் பார்த்தார். அவற்றின் இடைவெளி குறைந்தால் அவை தாமதித்துத் திறக்கும், பொறியும் பிந்தும். இடைவெளி மாறினால் நேரமும் மாறும் ஆதலின், இதனைச் சரி செய்யாமல் நேரத்தை அளப்பது வீண். ஃபீலர் கேஜால் அளந்து, ஆயிரத்தில் 18 பங்கு அங்குலத்திற்கு, அதாவது 0.018 அங்குலத்திற்கு அமைத்தார். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு நேரத்தில் பிறக்கும். இங்கு ஆட்டம் இல்லை.

பின்னர் பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டரின் துளையில் விரலை வைத்துக்கொண்டு எந்திரத்தை மெல்லச் சுழற்றச் சொன்னார். காற்று விரலை நெட்டித் தள்ளியதும், பிஸ்டன் அழுத்த வீச்சில் ஏறுகிறது என அறிந்தார். இவ்வகைச் செவர்லே எந்திரத்தின் ஃபிளைவீலில் ஒரு சிறு எஃகுக் குண்டு பதிக்கப்பட்டிருக்கும். உறையிலுள்ள துவாரத்தின் வழியே அது முள்ளுக்கு நேராகத் தோன்றும் கணம், உச்சிக்கு 5 டிகிரி முன்னுள்ள நிலை. பாயிண்டுக்கும் எந்திர உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்தார். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அதுவே பொறி பிறக்கும் கணம். எஃகுக் குண்டு துவாரத்தில் தலைகாட்டு முன்பே பல்பு எரிந்துவிட்டது! நின்ற நிலையில் பொறி மிகவும் முந்தியிருந்தது உறுதியாயிற்று.

அவ்வாறாயின் சாலையில் பிந்துவது எங்ஙனம்? அவர் ரோட்டரை விரல்களால் பற்றி, அது சுழலும் திசையில் திருகினார். எடைகள் நன்னிலையில் இருந்தால் ரோட்டர் சிறிது திரும்பும். கையை விட்டதும் ஸ்பிரிங்கின் விசையால் மீளும். அது இம்மியும் அசையவில்லை. தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, காய்ந்த கிரீசிலும் துருவிலும் எடைகள் இறுகிக் கிடந்தன. வேகம் கூடினும் பொறி முந்த வழியில்லை. அதனால் லாரி வலுக்குன்றியது. அதற்கு முன்பு யாரோ ஒருவர், காரணத்தைத் தேடாமல், டிஸ்ட்ரிபியூட்டரையே முன்னோக்கித் திருப்பி வைத்து இழுவையை ஓரளவு மீட்டிருக்கிறார். அத்திருப்பமே தொடங்கும் வேளையில் பையனின் கையை முறித்தது. கையால் சுழற்றும் மெதுவான வேகத்தில், பிஸ்டன் உச்சிக்கு ஏறுமுன்பே கலவை எரிந்து அதனைப் பின்னோக்கித் தள்ளிவிடும் அன்றோ?

எடைகளை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் இட்டு, ரோட்டர் தானே மீளுமாறு செய்தார். பிறகே எஃகுக் குண்டு முள்ளுக்கு நேர் வரும்போது பல்பு எரியுமாறு நேரத்தை அமைத்தார். ஹேண்டிலை அவரே போட்டார். எதிர்ப்பின்றி எந்திரம் பற்றியது. சுமையோடு மேட்டில் ஏறித் திரும்பியபோது ரேடியேட்டர் கொதிக்கவில்லை. எந்திரத்தைப் பிரிக்கும் செலவு இல்லாது போயிற்று. “பையன் மேல தப்பில்லைங்க” என்று உரிமையாளரிடம் அவர் கூறியதும், மருத்துவச் செலவை உரிமையாளர் ஏற்றுக்கொண்டதும் அன்றைய மாலையில் நடந்தவை.

ஏடுகளை ஆராயும் தமிழ் மாணவருக்கு இந்நிகழ்ச்சி புதிதன்று. ஓர் ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைகிறது. பின்னர்ப் படியெடுப்பவர், ஓசை நிரம்பட்டும் என்று தாமே ஒரு சொல்லைப் பெய்துவிடுகிறார். செய்யுள் ஒருவாறு ஓடும்; பொருள் மட்டும் எங்கோ முட்டும். முட்டும் இடத்தை மட்டும் திருத்துவோர் மூன்றாவது பிழையைச் சேர்ப்பர். நல்ல பதிப்பாசிரியர் பெய்த சொல்லை நீக்கி, அதன் அடியில் சிதைந்த எழுத்தைத் தேடுவார். பட்டறையில் நடந்ததும் அதுவே.

இன்றைய எந்திரங்களில் பாயிண்டும் இல்லை, எடைகளும் இல்லை. தண்டின் நிலையை உணரிகள் அளக்க, கணிப்பொறி பொறியின் நேரத்தைக் கணிக்கிறது. பழுது நேர்ந்தால் ஒரு குறியீட்டையும் காட்டுகிறது. ஆயினும் குறியீடு அறிகுறியைச் சுட்டுமேயன்றி, அதன் காரணம் அனைத்தையும் கூறிவிடாது. அறிகுறியிலிருந்து காரணத்திற்கு ஒவ்வோர் ஐயமாகக் களைந்து செல்லும் பொறுமை மனிதனிடமே இருத்தல் வேண்டும். அப்பொறுமை இல்லாத இடத்தில் பழி எளியவர் மீது விழும் என்பதற்கு, அக்கிளீனர் பையனின் மணிக்கட்டே சான்று.