கடலை வரையாத சிறுமி

இராமேசுவரம் செல்வோர் பாம்பன் கடலைக் காணும் ஆவலில் மண்டபத்தை விரைந்து கடந்துவிடுவர். நாமும் பன்முறை அவ்வாறு கடந்தவர்களே. சென்ற தவக்காலத்தில்தான் அனுமதி பெற்று அங்குள்ள முகாமினுள் நுழைந்தோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் இங்கே தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின்னரே கப்பலேறினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்தம் வழிவந்தோர் திரும்பியபோதும் இதுவே வாயில். 1983 முதல் கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்தோருக்கும், 2022-இல் பொருளாதார நெருக்கடியால் படகேறியோருக்கும் இதுவே புகலிடம். போகும் கண்ணீரையும் வரும் கண்ணீரையும் ஒருங்கே கண்ட மண் இது!

ஒற்றையறை வீடொன்றின் வாயிலில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி குச்சியால் மணலில் கீறிக்கொண்டிருந்தாள். பனைகள், கிணறு, ஓட்டு வீடு, சிலுவை தாங்கிய சிற்றாலயம்.

"எந்த ஊர் அம்மா இது?" என்றோம்.

"மன்னாரில எங்கட ஊர், சுவாமி."

அவள் பிறந்ததோ இம்முகாமில்; அவ்வூரைக் கண்டவளல்லள். 1990-இல் கைக்குழந்தையோடு படகேறிய அம்மம்மா இரவுதோறும் சொல்லும் கதைகளே அவளுக்கு ஊர். அக்கைக்குழந்தையே இன்று அவளுடைய தாய். "தண்ணீருக்கு வரிசையில நிற்கேக்கயும் இவள் அங்கதான் இருப்பாள், சுவாமி" என்று அத்தாய் நகைத்தாள்.

"மன்னாரென்றால் கடலிருக்குமே, எங்கே குழந்தாய்?"

"கடல் கீறேல்லை, சுவாமி. கடல் இல்லாட்டி அம்மம்மா நடந்தே போயிடுவா."

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அக்கடலை ஒரு குச்சியால் வற்றச் செய்துவிட்டாள் அச்சிறுமி!

இதனை வெறுங்கனவென்று ஒதுக்கலாகாது. இம்மண்ணில் பிறந்தும் குடியுரிமையின்றி நிற்கும் பிள்ளைக்கு, 'உனக்கும் ஓர் ஊர் உண்டு' என்று உரைப்பது அக்கற்பனையே. ஆயினும் அதனை வியந்துவிட்டு நாம் வீடு திரும்பினால் போதுமா? ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தின் படம் தொங்கும் இல்லங்கள் அல்லவா நம்முடையவை! மணலில் ஊர் கீறும் பிள்ளைக்குக் கால் ஊன்ற ஓர் ஊர் வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பது நம் கடன்.

நாம் விடைபெறுகையில் அம்மம்மா மெல்லக் குனிந்து, "கிணறு இந்தப் பக்கம், பிள்ளை" என்று மணலை அழித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.