பங்கிட்ட இரவுகள்

நுழையும்முன்
நோயுற்ற குழந்தையின் நலத்தைக் கேட்டறிகிறோம். இரவு பகலாய் அக்குழந்தையைக் காக்கும் பெற்றோரின் நலத்தை எண்ணிப் பார்க்கிறோமா? தாயான ஆசிரியர் ஒருவர் தம் பட்டறிவை இங்கே பகிர்கிறார்.

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது அவளது 9ஆம் வயதில் தெரியவந்தது. ஓயாத தாகமும் உடல் மெலிவும் கோடை வெயிலின் விளைவு என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் மூச்சு வாங்கி அவள் துவண்டபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். வீடு திரும்பியபோது என் கைப்பையில் இன்சுலின் குப்பிகளும் ஊசிகளும் இருந்தன.

அன்று முதல் நாள்தோறும் நான்கு ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் முன் விரல்நுனியில் குருதிச் சோதனை. எத்தனை இட்லி உண்பாள் என்று கணக்கிட்டே மருந்தின் அளவை முடிவுசெய்ய வேண்டும். இரவுதான் கொடியது. உறக்கத்தில் சர்க்கரை அளவு இறங்கிவிடுமோ என்று அஞ்சி, மூன்று மணிக்கு எழுந்து அவள் நெற்றியைத் தொடுவேன். வியர்த்திருந்தால் நெஞ்சு பதறும்.

"இனிப்பை அள்ளிக் கொடுத்திருப்பாய்" என்றார் உறவினர் ஒருவர். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது இந்நோய். இனிப்பு உண்பதால் வருவதன்று. இதை அறிந்திருந்தும் என்னையே நொந்துகொண்டேன். திருமண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தினேன். கணவரிடமும் ஊசியைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஓராண்டு கழிந்தது. ஓரிரவு, ஊசி போட்டு முடித்ததையே மறந்து மறுபடியும் மருந்தை ஏற்றினேன். "அம்மா, இப்போதுதானே போட்டீர்கள்?" என்று மகள் கையை இழுத்துக்கொண்டாள். நான் நடுங்கிப்போனேன். தனியே சுமப்பதுதான் தாய்மை என்றிருந்த என் எண்ணம் அவள் உயிருக்கே தீங்காக இருந்தது.

மறுநாள் முதல் இரவுகளைக் கணவரும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். ஊசி போட்டவர் நேரத்தையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதினோம். வகுப்பாசிரியர் தம் மேசையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொண்டார். மருத்துவமனை வரிசையில் காத்திருந்த பிற பெற்றோரிடம் பேசத் தொடங்கினேன். நூற்பாலையில் பணிபுரியும் ஒரு தாயின் வீட்டில் குளிர்பெட்டி இல்லை. பெரிய பானையில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறுபானை வைத்து அவர் இன்சுலினைப் பாதுகாத்தார். மின்தடை நேர்ந்தபோதெல்லாம் அம்முறையே எங்களுக்கும் கைகொடுத்தது.

12ஆம் வயதில் மகள் தானே ஊசி போடக் கற்றாள். இன்று விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில்கிறாள். நோய் நீங்கவில்லை, என் அச்சமும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் இரவில் உறங்குகிறேன்.

மாணவர்களே, நோயுற்ற குழந்தையைக் காணச் செல்லும்போது அருகில் நிற்கும் தாயிடமும் தந்தையிடமும் "நீங்கள் உறங்கினீர்களா?" என்று கேளுங்கள். அவ்வாறு என்னிடம் முதலில் கேட்டவர் அந்நூற்பாலைத் தாய்தான்.

தெரிந்து தெளிவோம்
1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வில் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பான்டிங் பிறந்த நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.