கும்மிடிப்பூண்டி ஏரிக்கரையில் ஒரு காலை

"மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து ஊற்றுகிறேன். அப்படியும் மழைக்காலத்தில் ஆடுகள் தாடை வீங்கிச் சாகின்றனவே, ஏன்?" கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இடத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று கிளம்பினேன்.

சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறி மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. வழியெல்லாம் நெல் வயல். இறங்கினால் சிப்காட் தொழிற்சாலைகளும் லாரிகளும். அவற்றுக்குப் பின்னால் ஓர் ஏரி. அதன் கரையில்தான் அந்த அம்மாவின் செம்மறிகள் மேய்ந்தன. எல்லாம் மெட்ராஸ் சிவப்பு, நம் வடமாவட்டங்களுக்கே உரிய இனம்.

"முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் மேய்ப்போம் சார். இப்ப சுத்துச்சுவர். இந்தக் கரைதான் பாக்கி. 22 இருந்துச்சு, கார்த்திகையில 5 போயிடுச்சு. ரெண்டு பொண்ணுங்க படிப்பும் இதுலதான்."

பதில் காலடியிலேயே இருந்தது. ஈரப்புல், அதன்மேல் புழுக்கை. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு ஒன்று நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு விழும். ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் இளம்புழுவாகிப் பனித்துளியோடு புல்லில் ஏறும். அதை மேய்ந்த ஆட்டுக்குள் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கும். ரத்தம் குறைந்ததும் தாடைக்கடியில் நீர் கோர்க்கும். இன்று மருந்து ஊற்றி நாளை அதே கரையில் விட்டால், மறுபடி புழுவைத்தான் மேய்கிறது.

ராஜஸ்தான் ஒட்டகத்தின் வயிற்றிலும் இதற்கு நெருங்கிய உறவான புழு உண்டு. ஆனால் ஒட்டகம் தலை தூக்கி மரத்தழை மேயும் பிராணி. புழு இருப்பதோ தரையை ஒட்டிய புல்லில். மேய்ச்சல் உயர்ந்தால் புழு குறையும்.

ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் விலக்கிப் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவில் உருவாகிப் பல நாடுகளில் பின்பற்றும் முறை இது. இமையின் உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே வேண்டும். 17 ஆட்டில் 6தான் வெளிறியிருந்தன. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், மருந்துக்கு அசையாத புழுக்களே மிஞ்சும். அந்த அம்மா பாட்டில் மூடியால் அளந்து வந்தார். எடைக்குக் குறைவாகப் போனாலும் இதே கதிதான்.

அவரிடம் சொன்னவை:

* கரையை 8 துண்டாகப் பிரித்து, ஒன்றில் 4 நாள் மட்டும் மேயுங்கள். திரும்பி வர ஒரு மாதமாகும். அதற்குள் இளம்புழுக்களில் பெரும்பகுதி மடிந்துவிடும்.
* பனி காய்ந்த பிறகே ஓட்டுங்கள்.
* அகத்தி, சூபாபுல், வேம்புத் தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.
* மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை இமை பாருங்கள்.
* புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். ஏரிக்கரையில் நத்தை வழியாகத் தட்டைப்புழுவும் வரும். அதற்கு மருந்து வேறு. சினை ஆட்டுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் ஊற்றாதீர்கள்.

"அப்ப மருந்துச் செலவும் குறையுமா சார்?" என்றார். குறையும் அம்மா. இமை பார்க்கக் காசு வேண்டாம், இரண்டு விரல் போதும்.